கடல் என்ன வாக்குக் கொடுத்தது?

கோலார் தங்கவயலிலிருந்து கடல் வெகு தொலைவில் இருக்கிறது. கர்நாடகத்தின் கிழக்கு விளிம்பில், கடல் மட்டத்திற்கு மேல் 850 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த ஊர் அது. சுரங்க வேலையை நம்பி வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து சென்று குடியேறிய தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்து வருகிறார்கள். ஊருக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றில் அமைந்தது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்று, மாமல்லபுரத்திற்குத் தெற்கே வாயலூர் அருகில் வங்கக் கடலில் கலக்கிறது. தாங்கள் குடிக்கும் நீர் சென்று சேர வேண்டிய அந்தக் கடலை, தங்கவயல் குழந்தைகள் பெரும்பாலும் நாட்காட்டிப் படத்தில்தான் முதலில் காண்கிறார்கள்.

நாட்காட்டியில் உள்ள கடல் மிகவும் அடக்கமானது. நீலமாக இருக்கும், ஒரு தென்னை சாய்ந்து நிற்கும், மணலில் ஒரே ஒரு வரிசைக் காலடித் தடம் இருக்கும். அங்கு வெயில் சுடுவதில்லை, மீன் நாற்றம் எழுவதில்லை, பக்கத்தில் நிற்பவர் இடிப்பதில்லை. மணல் மட்டும் தங்கவயல் குழந்தைக்குப் புதிதன்று. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கழிவாகக் கொட்டப்பட்ட 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பாறைத் துகள்கள், சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கின்றன. காற்று வீசும் நாட்களில் அந்தத் துகள் பறந்து வந்து வீடுகளுக்குள் படிகிறது. அதன் அருகில் வளரும் குழந்தை, மேட்டின் அடிவாரத்தில் மனத்தாலே நீரை ஊற்றிக் கொண்டு, “கடற்கரை இப்படித்தான் இருக்கும்” என்று எண்ணிக் கொள்கிறது.

இதில் தவறில்லை. குழந்தை கற்பனை செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படம் வளர்ந்தவர்களின் மனத்திலும் அப்படியே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையே இங்குச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. ஆகவே கடலுக்குச் செல்லும் பயணமும் மே மாதத்தில்தான் அமைகிறது. உயரத்தில் இருக்கும் தங்கவயலில் கோடை அவ்வளவு கடுமையானதன்று. அங்கிருந்து கத்திரி வெயிலில் சென்னைக்கு இறங்கி வருபவர், குளிர்ச்சியைத் தேடி வெப்பத்துக்குள் வருகிறார் என்றே சொல்ல வேண்டும்! நிலம் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பிய பின்புதான் கடற்காற்று கரைக்குள் நுழையும். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்திருக்கும் நாட்களில் அது மாலை வரை தடைபட்டு நிற்கும். சில நாட்கள் வராமலே போவதும் உண்டு. காலை பதினொரு மணிக்குக் கையில் செருப்பும் இடுப்பில் குழந்தையுமாக மணலில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. “கடற்கரை என்றார்கள், காற்றே இல்லையே” என்கிறார்.

பிறகு ஒவ்வொன்றாகக் குறைகள் சேர்கின்றன. நீர் நீலமாக இல்லை. சாலையிலிருந்து அலை வரை நடப்பதற்குள் கால் வெந்துவிடுகிறது. இழுப்பு அதிகம் என்று காவலர் குளிக்க விடுவதில்லை. தங்கிய அறைக்கு வாடகை அதிகம், சுண்டலில் மணல். ஊர் திரும்பியதும், “எப்படி இருந்தது?” என்று கேட்பவர்களிடம், “என்னவோ, நினைத்த மாதிரி இல்லை” என்று பதில் வருகிறது.

நினைத்த மாதிரி இல்லை! இந்த வாக்கியத்தில் குற்றவாளியாக நிறுத்தப்படுவது கடல். நினைத்தவர் யார், அவரை நினைக்கச் சொன்னது யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. கடல் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தது?

சென்னை மெரினாவின் வரலாற்றையே எடுத்துக் கொள்ளலாம். அந்த அகன்ற மணற்பரப்பு உல்லாசப் பயணிகளுக்காகப் படைக்கப்பட்டதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகர்ந்து கொண்டிருந்த மணல் தடைப்பட்டுத் தென்புறத்தில் குவியத் தொடங்கியது. கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து 1884-இல் மெரினா என்று பெயரிட்டார். அதே சுவர்களின் வடபுறத்திலோ, மணல் வந்து சேராததால் ராயபுரம் பகுதியின் கரையைக் கடல் அரித்தது. ஒரே செயலால் ஒரு பக்கம் பூங்காவும் மறுபக்கம் இழப்பும் நேர்ந்தன. கடலுக்கு இரண்டும் ஒன்றே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கடல் கரை ஏறி வந்தது. மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் அன்று மாண்டவர்களில் கரையோரத்து மக்கள் உண்டு. திருநாளை ஒட்டி வந்திருந்த யாத்திரிகர்களும் உண்டு. கடற்கரைக் குப்பங்களில் வாழ்பவர்கள் அதன் பிறகும் கடலைத் தாய் என்றே அழைக்கிறார்கள். வலை காலியாக வரும் நாளிலும் மறுநாள் விடியுமுன் படகைத் தள்ளுகிறார்கள். “நினைத்த மாதிரி இல்லை” என்று அவர்கள் கடலைச் சொல்வதில்லை. இரண்டு நாள் விருந்தாளியாக வந்தவர்தான் அப்படிச் சொல்கிறார்.

படம் கோபமாக மாறும் வழி

ஏமாற்றம் அதோடு நின்றிருந்தால் பெரிய தீங்கில்லை. அது அங்கே நிற்பதில்லை. அருகில் இருப்பவர் மீது பாய்கிறது. பகவான் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 62, 63 ஆகிய இரு சுலோகங்களில் இந்த வீழ்ச்சியைப் படிப்படியாக எடுத்துரைக்கிறார். பேரரசுகளின் வீழ்ச்சிக்கும் பெரும் தவசிகளின் வீழ்ச்சிக்கும் அதை மேற்கோளாகக் காட்டுவது வழக்கம். ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் கடற்கரைப் பயணத்திலும் அது எழுத்துப் பிசகாமல் நடந்தேறுகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

தங்கவயலில் ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். பெயர் வேண்டியதில்லை, அந்த ஊரின் லைன் வீடுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது பொருந்தும். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழ்ந்த தளங்களில் வேலை செய்தவர். பாறைத் தூசு படிந்த நுரையீரலோடு, நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குபவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பின் மகனுக்கு ஊரில் வேலையில்லை. தங்கவயலைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரைப் போல அவரும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகிறார். தந்தை ஆயுளெல்லாம் இருட்டில் உழைத்தார். கண் மூடுவதற்குள் அவருக்கு ஒரு முறை கடலைக் காட்டிவிட வேண்டும் என்பது மகனின் ஆசை. நல்ல ஆசை. அதற்காக மாதாமாதம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்.

சேர்க்கும்போதே மனத்தில் ஒரு காட்சியையும் வரைந்து வந்தார். தந்தை அலையைப் பார்க்கிறார், முகம் மலர்கிறது, கண் கலங்குகிறது, மகனின் கையைப் பற்றிக் கொள்கிறார். நெரிசலான ரயில் பெட்டியில் நின்றபடி எத்தனையோ இரவுகள் இந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தார். பகவான் சொல்லும் முதற்படி இதுதான்: ஒன்றையே மீண்டும் மீண்டும் எண்ணுதல். எண்ண எண்ண அதன் மீது பற்று உண்டாகிறது. பற்று முதிர்ந்து, ‘இது எனக்குக் கிடைத்தே தீர வேண்டும்’ என்னும் காமமாகிறது. இங்கே காமம் என்பது இழிவான ஒன்றைக் குறிக்கவில்லை. தந்தையின் மகிழ்ச்சியை விரும்பும் மகனின் உள்ளத்திலும் அது இருக்கலாம். புனிதமான வேடத்தில் வருவதால் அடையாளம் காண்பது கடினம், அவ்வளவுதான்.

பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, குடும்பத்தோடு சென்னை வந்து சேர்ந்தார்கள். மாலையில் மெரினா. மணலில் நடக்க முடியாத தந்தையைப் பாதி தூரம் கைத்தாங்கலாகவும் மீதி தூரம் ஏறக்குறையத் தூக்கியும் மகன் கொண்டு சென்றார். அலைக்குச் சற்று முன்னால் உட்கார வைத்தார். முதியவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“இவ்வளவுதானா?”

மகனின் முகம் இறுகியது. பதில் சொல்லவில்லை. காமம் தடைபடும்போது குரோதமாகிறது என்பது அடுத்த படி. ஆனால் தந்தை மீது கோபிக்க முடியாதே! கோபம் வேறு வாசல் தேடியது. பஞ்சு மிட்டாய் கேட்ட சிறுமிக்கு அடி விழுந்தது. “ஏங்க, பச்சைக் குழந்தைய போயி...” என்று மனைவி தொடங்குவதற்குள், “எல்லாம் உன்னால வந்தது, ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பியிருந்தா கூட்டம் இருந்திருக்காது” என்று அவள் மீது பாய்ந்தார். எதற்கும் எதற்கும் தொடர்பு? கேட்டால் அவருக்கே தெரியாது. அதைத்தான் பகவான் சம்மோஹம் என்கிறார். காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பார்க்கும் திறன் மங்கிவிடுகிறது.

அதற்கடுத்த படியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மயக்கத்தால் நினைவு தவறுகிறது என்கிறார் பகவான். எந்த நினைவு? எதற்காக வந்தோம் என்ற நினைவு. தந்தைக்காகத்தான் வந்தார்கள். அந்த நேரத்தில் தந்தை மணலில் தனியே உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. பயணத்தின் காரணமானவரே பயணத்தில் மறக்கப்பட்டுவிட்டார். நினைவு போனதும் புத்தி போகிறது. மறுநாள் மாமல்லபுரம் செல்வதாக இருந்தது. “ஒண்ணும் வேணாம், ஊருக்குப் போகலாம்” என்று மகன் முடிவு செய்தார்.

திரும்பும் ரயிலில் பேரன் மெல்லத் தாத்தாவிடம் கேட்டான்: “தாத்தா, கடல் உங்களுக்குப் பிடிக்கலையா?”

“யாருடா சொன்னது? ரொம்ப தூரத்துல ஒரு ஆளு இடுப்பளவு தண்ணியில நின்னுட்டிருந்தான். ஆழம் இவ்வளவுதானான்னு கேட்டேன். உங்கப்பன் பதிலே சொல்லலை.”

எதிர் இருக்கையில் கண் மூடிச் சாய்ந்திருந்தவர் உறங்கவில்லை.

சுரங்கத் தொழிலாளி ஒருவர் நீர்ப்பரப்பைக் கண்டால் ஆழத்தைத்தான் கேட்பார். வேறு என்ன கேட்பார்? சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் சுமார் 3,200 மீட்டர் இறங்கியது. வங்கக் கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 2,600 மீட்டர். ஊரின் உயரத்தைக் கழித்துப் பார்த்தாலும், அந்தச் சுரங்கத்தின் அடித்தளம் கடல் மட்டத்திற்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். பாறை வெடித்துச் சிதறும் அபாயத்திற்கு நடுவே கூண்டில் இறங்கி ஏறியவர்கள் அவர்கள். நாட்காட்டிப் படத்தைத் தந்தையின் மனத்திலும் மாட்டி வைத்திருந்த மகன், அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்குத் தன் படத்திலிருந்தே பொருள் எடுத்துக் கொண்டார். “என்னப்பா கேட்டீங்க?” என்று ஒரு முறை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். எதிர்பார்ப்பு நிறைந்த மனத்துக்கு அந்த ஒரு கேள்விக்கு இடமிருப்பதில்லை.

பிரசாதம்

அப்படியானால் ஆசைப்படவே கூடாதா, திட்டமிடவே கூடாதா என்று ஐயம் எழும். சாஸ்திரம் அவ்வாறு கூறவில்லை. பயணத்திற்குப் பணம் சேர்ப்பதும், நல்ல காலத்தைத் தேர்ந்தெடுப்பதும், முதியவருக்கு நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டி விசாரிப்பதும் கர்மம். அதில் குறை வைக்கலாகாது. கடற்காற்று எப்போது வரும் என்று அறிந்து மாலையில் செல்வது அறிவுடைமை. மகன் செய்தவற்றில் இவை எதுவும் பிழையில்லை. தந்தையின் முகம் இப்படித்தான் மலர வேண்டும் என்று அந்த முகத்தின் மீதும் உரிமை கொண்டாடியதில்தான் சிக்கல் தொடங்கியது. செயலில் உனக்கு அதிகாரம் உண்டு, பயனில் இல்லை என்று கீதை கூறும்போது, பயன் வராது என்று அது சொல்லவில்லை. பயன் வரும், எந்த உருவில் வரும் என்பதைத் தீர்மானிப்பது நம்முடைய ஓர் ஆசை மட்டுமன்று. காற்றின் திசையும் கடலின் ஓட்டமும் பிறர் மனமும் அதில் சேர்ந்திருக்கின்றன.

மேற்சொன்ன வீழ்ச்சியை விவரித்த உடனேயே, அடுத்த இரு சுலோகங்களில், விருப்பு வெறுப்புகளின் பிடியிலிருந்து நீங்கிய புலன்களோடு உலகில் நடமாடுபவன் பிரசாதத்தை அடைகிறான் என்று பகவான் உரைக்கிறார். பிரசாதம் என்பதற்கு மனத்தெளிவு என்று பொருள். கோயிலில் கையில் கிடைப்பதற்கும் அதே பெயர். சந்நிதியில் நிற்கும்போது அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கல் தந்தாலும் சரி, ஒரு துளசி இலை தந்தாலும் சரி, கண்ணில் ஒற்றிக் கொள்கிறோம். “நேற்று வந்தவருக்குப் பொங்கல் கொடுத்தீர்களே” என்று யாரும் வழக்காடுவதில்லை. (வழக்காடுபவர்களும் சிலர் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.) பொருள் மாறவில்லை, வாங்கும் கை மாறியிருக்கிறது. கோயில் வாசலைத் தாண்டியதும் அந்தக் கையை ஏன் மடக்கிக் கொள்கிறோம்?

இதையும் தவறாகப் புரிந்து கொள்பவர்கள் இருக்கிறார்கள். அநீதியையும் பிரசாதமாக ஏற்றுக்கொள் என்று ஏழையிடம் உபதேசிப்பது சாஸ்திரத்தின் கருத்தன்று. சுரங்கம் மூடப்பட்ட பின் தங்களுக்குச் சேர வேண்டிய தொகைக்காகத் தங்கவயல் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அது அவர்கள் கடமை. கீதையே போர்க்களத்தில் செயலாற்றச் சொன்ன நூல்தானே! கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர் கொடுக்கத் தவறினால் கேட்பது முறை. எதையும் ஒப்புக்கொள்ளாத கடலிடமும், தன் போக்கில் ஒரு கேள்வி கேட்ட முதியவரிடமும் கடன் வசூலிக்கப் புறப்படுவதைப் பற்றியே இங்குப் பேச்சு.

இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரைக்குச் சென்றவர்கள் யாருமே மகிழவில்லை என்பதில்லை. முதல் அலை வந்து காலை நனைத்த கணத்தில் அந்தச் சிறுமி கத்திக் குதித்தாள்; மனைவி புடவையை உயர்த்திப் பிடித்துக் கொண்டு சிரித்தாள். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? அலையிலிருந்து என்றால், பத்தாவது அலையும் அதே அளவு மகிழ்ச்சியைத் தந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் குழந்தைகள் பஞ்சு மிட்டாய்க்குத் தாவிவிட்டார்கள். வித்தியாரண்யர் தமது பஞ்சதசியில் இதற்கு விளக்கம் தருகிறார். விரும்பியது கிடைத்த கணத்தில் மனத்தின் ஓட்டம் நிற்கிறது. வெளியே ஓடிக்கொண்டிருந்தது உள்முகமாகத் திரும்புகிறது. அப்போது ஆன்மாவின் ஆனந்தமே அதில் பிரதிபலிக்கிறது. நாமோ அதைப் பொருளின் மீது ஏற்றி, “கடல் தந்தது” என்று எழுதிக் கொள்கிறோம். அடுத்த ஆண்டு அதே கடலிடம் மீண்டும் கேட்டுச் செல்கிறோம். கிடைக்காதபோது கடல் கெட்டுவிட்டது என்கிறோம்.

ஒன்றும் பதிவாகாத இரண்டு மாதங்கள்

எதிர்பார்ப்பையும் ஏமாற்றத்தையும் தங்கவயலைவிட நன்கு அறிந்த ஊர்கள் குறைவு. 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் பணம் திரட்டி வந்த நிறுவனங்கள் பல, பொன்னைக் காணாமல் கையைச் சுட்டுக் கொண்டன. அந்தப் பத்தாண்டின் நடுவில் வளமான தாதுப் படுகை அகப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் வெளிவந்தது. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்குப் பல பத்து கிராம் கிடைத்தது, இறுதியில் சில கிராமாகச் சுருங்கியது. ஆழம் கூடக் கூடப் பொன் குறைந்தது. பொன் விரும்பி வந்தவர்களின் கதை இது.

அதே சுரங்கத்திற்குள் பொன்னை விரும்பாத சிலரும் இறங்கினார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் வரை ஊடுருவுகின்றன என்று அளக்கக் கருவிகளோடு சென்றார்கள். கீழே இறங்க இறங்கத் துகள்களின் எண்ணிக்கை குறைந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில், சுமார் 2,700 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்துவிட்டு இரண்டு மாதங்கள் காத்திருந்தார்கள். ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

வெப்பத்திலும் புழுக்கத்திலும் இறங்கி ஏறி, அறுபது நாள் காத்திருந்து, வெறுங்கை. “நினைத்த மாதிரி இல்லை” என்று மூட்டை கட்டியிருக்கலாம். அவர்கள் அந்த வெறுமையையே கூர்ந்து பார்த்தார்கள். மற்றத் துகள்கள் எட்ட முடியாத இடம் இது. ஆகையால் பூமியையே துளைத்துச் செல்லும் நியூட்ரினோவைத் தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று உணர்ந்தார்கள். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் உடன் சேர்ந்தார்கள். வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோக்களின் அடையாளம் 1965-இல் அந்தச் சுரங்கத்தில் பதிவாயிற்று. உலகில் அதை முதன்முதலில் கண்ட இடங்களில் தங்கவயல் ஒன்று. எல்லா முயற்சிகளும் இவ்வாறு கனிந்தன என்று சொல்வதற்கில்லை. 1980-களில் அங்கேயே புரோட்டான் சிதைவைத் தேடினார்கள். சில நிகழ்வுகளைக் கண்டதாகக் கருதினார்கள். மற்ற நாடுகளின் ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. அந்த முடிவையும் அறிவியல் உலகம் கணக்கில் எழுதிக் கொண்டு மேலே சென்றது.

சாதகனுக்கு இதில் கற்க இருக்கிறது. ‘நான் கேட்டது ஏன் இங்கில்லை?’ என்று கேட்கும் மனம் மெரினாவில் நின்றாலும் சுரங்கத்தில் நின்றாலும் ஒன்றைத்தான் காணும்: இல்லாததை. ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்க அதைப் பழக்குவது எளிதன்று. அதற்குத் தனியே குகை வேண்டியதில்லை. காற்று வராத ஒரு பிற்பகல், தாமதமாக வந்த ரயில், உப்புக் குறைந்த உணவு இவையே போதும். குளிர், வெப்பம், இன்பம், துன்பம் ஆகியவை வந்து போகும் இயல்புடையவை, பொறுத்துக்கொள் என்று பகவான் அர்ஜுனனுக்கு முதற்பாடமாகக் கூறியது இந்தப் பழக்கத்திற்கே. பொறுத்தல் என்றால் பல்லைக் கடித்துக் கொண்டிருத்தல் என்று பலர் நினைக்கிறார்கள். வந்ததைப் போகவிடும் அளவுக்கு இடம் கொடுத்தல் என்று கொள்வது பொருத்தமாக இருக்கும்.

நிறைந்தும் கரை மீறாத கடலில் ஆறுகள் வந்து புகுவது போல, ஆசைகள் வந்து புகுந்தும் அசையாதவனே சாந்தியை அடைகிறான் என்ற உவமையோடு அந்த அத்தியாயம் முடிவை நெருங்குகிறது. தங்கவயல் மக்களுக்கு இதை விளக்கப் பாலாறு போதும். ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணலாகக் கிடக்கிறது; ஒரு துளியும் வாயலூரை எட்டுவதில்லை. 2021 நவம்பரில் கரை கொள்ளாத வெள்ளம் ஓடிற்று. பாலங்கள் சேதமுற்றன, ஊர்கள் தவித்தன. வறண்ட ஆண்டுகளில் கடல் பாலாற்றைத் தேடி மேற்கே வரவில்லை. வெள்ளம் வந்தபோது வாங்கிக் கொண்டது.

இந்தக் கோடையிலும் குடும்பங்கள் கடலுக்குப் புறப்படும். மகிழ்ச்சியாகச் சென்று வரட்டும். பிற்பகலுக்குப் பின் கரைக்குச் செல்வது நல்லது. முதியவர்களை நடக்க வைக்காமல் சாலையோரத் திண்டிலேயே அமர்த்தினாலும் கடல் தெரியும். அலையில் இறங்கும் குழந்தைகள் மீது ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். திரும்பி வந்த பின், “எப்படி இருந்தது?” என்று பிள்ளைகளைக் கேட்கும் வழக்கத்தை ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். அந்தக் கேள்வி மதிப்பெண் போடச் சொல்கிறது. “என்ன பார்த்தாய்?” என்று கேட்டால் குழந்தை வேறு விதமாகப் பேசத் தொடங்கும். கடலைப் பற்றியே சொல்லாமல், ஈர மணலில் ஒரு நண்டு ஓடிப் புகுந்த பொந்தைப் பற்றி அரை மணி நேரம் சொல்லக்கூடும். குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.